படுத்தால் லாபமா?

அத்தான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதித் திட்டத்தில் சேரலாமா, வேண்டாமா? காப்பிக்கடையில் கோப்பி ஓ கொசோங் ஆறிப்போவதுகூடத் தெரியாமல், பழைய நாலு நம்பர் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் இந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். உங்கள் புளோக்கில் பத்தாவது மாடி மாமாவாக இருப்பார்; வேலையிடத்தில் ஓய்வு பெறப்போகும் அண்ணனாக இருப்பார். அத்தான் என்று நான் சொல்வது எழுத வசதியாக இருக்கிறது என்பதற்காக மட்டும். யாரும் தம்மைத்தான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உட்லண்ட்ஸில் இருந்தாலும் சரி.

அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று. "போட்ட காசை எடுக்கணும்னா எத்தனை மாசம் படுக்கணும்?"

கேட்கும்போது முகத்தில் விளையாட்டே இருக்காது. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சந்தாவையெல்லாம் கூட்டி மேலே எழுதுவார். கடுமையான உடற்குறை வந்தால் மாதாமாதம் என்ன கிடைக்கும் என்பதைக் கீழே எழுதுவார். 2020 அக்டோபரில் திட்டம் தொடங்கியபோது அது 600 வெள்ளி; 2025-இல் 662. உடற்குறை இருக்கும்வரை நிற்காமல் வரும். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும், தொடக்கப் பள்ளிக் கணக்கு. அத்தானுக்கு அது போதாது. மெடிசேவிலேயே கிடந்தால் அந்தப் பணம் 4 விழுக்காடு வட்டி போட்டிருக்குமே, அதைச் சேர்க்க வேண்டாமா? சந்தா வருடா வருடம் ஏறுமே, அதை? தொடக்கத்தில் சேர்ந்த மூத்தவர்களுக்கு அரசாங்கம் 2,500 வெள்ளிவரை ஊக்கத்தொகை கொடுத்தது. அதைப் பத்து ஆண்டுக்குப் பிரித்துக் கழிக்க வேண்டும். கழித்தார், கழித்தார், கழித்துக்கொண்டே இருந்தார். கழித்து முடிப்பதற்குள் ஊக்கத்தொகைக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

விடை கிடைத்ததும் அதைத் தன் உடம்பின்மேல் வைத்துப் பார்ப்பார். அது இன்னொரு கூத்து.

"எழுபத்தஞ்சுல விழுறேன்னு வை மச்சான். இத்தனை மாசம் கெடந்தா முதல் தேறிடும். அதுக்கு மேல கெடக்குற ஒவ்வொரு மாசமும் லாபம்."

உடற்குறை வந்தவர்களில் பாதிப்பேர் நான்கு ஆண்டோ அதற்கு மேலோ அப்படியே இருக்க நேரலாம், பத்தில் மூவர் பத்தாண்டுக்கு மேலும் கிடக்க நேரலாம் என்று சுகாதார அமைச்சு சொல்லியிருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். பயந்து போவார், உடனே சேர்ந்துவிடுவார் என்ற நினைப்பு. "பத்து வருஷமா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நல்ல லாபம்." பக்கத்து மேசையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"படுக்காமலே செத்துட்டீங்கன்னா?"

பேனா அப்படியே நின்றது. "அதான் மச்சான் பிரச்சினையே. அத்தனையும் நட்டம்."

இவர் வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர். வேண்டுதலும் ஒன்றுதான், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்: "கெடையில கெடக்காம பொட்டுன்னு போயிடணும் தாயே." அம்மன் வரம் கொடுத்தால் காப்புறுதி நட்டம். காப்புறுதி லாபம் வர வேண்டுமென்றால் அம்மன் கைவிட வேண்டும். சேர்ந்த பிறகு எப்படித்தான் வேண்டுவாரோ? பொட்டென்று வேண்டாம் தாயே, முதல் தேறும்வரை கொஞ்சம் பொறு என்றா?

இத்தனை கணக்குப் பார்க்கிறவர் கணக்கே பார்க்காத இடம் ஒன்று உண்டு. அந்தச் சீட்டின் முன்பக்கம்.

புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் நாலு நம்பர் குலுக்கல். மூன்று நாளும் அத்தான் வரிசையில் நிற்பார். எதிர்வீட்டுப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று ஆம்புலன்ஸ் வந்தது. நாங்கள் எல்லாரும் பாட்டியைப் பார்த்தோம். அத்தான் வண்டி எண்ணைப் பார்த்தார். அந்த நான்கு இலக்கம் முதல் பரிசாக விழ வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. 65 வயதில் நலமாக இருப்பவர்களிலோ, இருவரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது கடுமையான உடற்குறை வரக்கூடும் என்பது அமைச்சின் மதிப்பீடு. பத்தாயிரத்தில் ஒன்று தனக்கு வந்தே தீரும், இரண்டில் ஒன்று தன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

அந்த இரண்டில் ஒன்றுக்கும் பதில் வைத்திருக்கிறார். "ரெண்டுல ஒருத்தருக்குத்தானே? வீட்டுல நாங்க ரெண்டு பேரு. அவளுக்கு வந்துட்டா எனக்கு வராது."

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "சரி, எனக்கே வரட்டும். யாரு பாத்துக்குவா?" அக்கா என்றால், இந்த வகை மனிதர்களின் மனைவிமார்களைப் பொதுவாகச் சொல்கிறேன். அத்தான் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பணிப்பெண் வச்சுக்கலாம்." மாதம் எவ்வளவு ஆகும் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு சீட்டு தேவைப்பட்டிருக்கும்.

பணம் எப்போது கிடைக்கும் என்பதிலும் அவருக்கு மனக்குறை உண்டு. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றை இன்னொருவர் துணையில்லாமல் செய்ய முடியவில்லை என்று அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் சொன்னால்தான் வழங்குதொகை வரும். "மூணா? ரொம்ப அநியாயம்" என்றார் அத்தான். "ரெண்டரை போனா என்ன குடுப்பான்?" அந்த அரை எது என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அக்காவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. "துண்ட நான் எடுத்துக் குடுத்தாத்தான் குளிப்பாரு. சட்டைய நான் தேச்சு மாட்டி வச்சாத்தான் போடுவாரு. தட்டுல நான் போட்டாத்தான் சாப்புடுவாரு. மூணு ஆச்சுல்ல? இப்பவே மாசாமாசம் வெள்ளி வரணுமே."

மதிப்பீட்டாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் ஒத்துக்கொள்கிறேன்.

அத்தானின் மற்ற குணங்களைச் சொல்ல ஆரம்பித்தால் இடம் போதாது. காப்புறுதி முகவர்களை வரவழைத்து, அவர்கள் காசில் பிராட்டா சாப்பிட்டு, கூடுதல் திட்டங்களைப் பற்றி முழுதாக விளக்கம் கேட்டுவிட்டு, "வீட்டுல கலந்து சொல்றேன்" என்று எழுந்து வருவார். வீட்டில் யாரிடமும் கலக்க மாட்டார். விட்டுவிடலாம். ஆனால் ஒன்றை விட முடியாது.

திட்டம் தொடங்கிய ஆண்டில் 30 வயது ஆணுக்கு ஆண்டுச் சந்தா 206 வெள்ளி. அதே வயதுப் பெண்ணுக்கு 253. "பொம்பளைக்கு எதுக்குக் கூட?" என்று அத்தான் பொங்கினார், ஏதோ அக்காவுக்காகக் குரல் கொடுப்பவர் போல. பெண்கள் அதிக நாள் உயிரோடு இருக்கிறார்கள், உடற்குறையோடும் அதிக நாள் இருக்கிறார்கள், அதனால்தான். கணவன் விழும்போது தூக்க மனைவி இருக்கிறாள். மனைவி விழும்போது தூக்க வேண்டியவர் பெரும்பாலும் சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருப்பார்.

அத்தான் இதையெல்லாம் பார்க்காதவரும் இல்லை. அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து, பல ஆண்டுகள் அந்த வீட்டுக் கூடத்திலேயே கிடந்தார். 2002-இல், கேர்ஷீல்டுக்கு முந்திய திட்டமான எல்டர்ஷீல்டு வந்தபோது 40 வயதிலிருந்து 69 வயதுவரை உள்ளவர்களைத் தானாகவே சேர்த்துக்கொண்டார்கள். வேண்டாதவர்கள் எழுதிக் கொடுத்து விலகலாம். மாதம் 300 வெள்ளி, ஐந்து ஆண்டுவரை. அத்தான் கணக்குப் போட்டார். "அம்மா திடமா இருக்காங்க, எதுக்கு வீண் செலவு" என்று தாயாரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். வராமல் போனது 18,000 வெள்ளி.

அம்மா விழுந்த பிறகு மட்டும் அவர் கணக்கே பார்க்கவில்லை. எந்த பேம்பர்ஸ் தோலை உறுத்தாதோ அதைத்தான் வாங்கினார், விலைச்சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல். இரவு வேலை முடித்து வந்து, சாப்பிடுவதற்கு முன்னால் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். பேசிக்கொண்டே தேய்ப்பார், அன்று விழுந்த நாலு நம்பரைச் சொல்வார், அம்மாவும் "அடடா, ஒண்ணுல போச்சே" என்பார். இதை எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

தூக்கியது அக்கா. குளிப்பாட்டியது, இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது, புண் வராமல் பார்த்துக்கொண்டது எல்லாம் அக்கா. வேலையை விட்டாள். வேலையை விட்டதால் அவளுடைய மசே நிதியில் ஏற வேண்டிய பணம் ஏறவில்லை, மெடிசேவிலும்தான். முதுகு போனது, இப்போது சந்தைக்குப் போய் வந்தால் இரண்டு முறை உட்கார்ந்துதான் வர முடிகிறது. அத்தான் இதுவரை கிறுக்கிய எந்தச் சீட்டிலும் இந்த வரி கிடையாது. அம்மா படுக்கையில் இருந்த காலத்திலேயே அக்காவுக்கு 40 வயதாகி எல்டர்ஷீல்டு கடிதம் வந்தது. கூடத்தில் ஒருவர் கிடக்கும்போதே, அதே கூடத்தில் உட்கார்ந்து, அதற்கும் அத்தான் மறுப்பு எழுதிப் போட்டார். "நீ திடமா இருக்க."

இன்றைக்கும் யாராவது நெருக்கிக் கேட்டால் கடைசியாக இதைத்தான் சொல்வார்: "எனக்கு என்ன மச்சான், இவ இருக்கா." கேட்பவர்களுக்கு அது அன்பாகத் தெரியும். எனக்கு எரிச்சலாக வருகிறது. அவருக்கு ஏற்கெனவே நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி இருக்கிறது. சந்தா கிடையாது, காத்திருப்புக் காலம் கிடையாது, மதிப்பீட்டாளர் வர வேண்டியதில்லை. முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறது.

அவர்கள் மகளுக்கு 30 வயது ஆனதும் கேர்ஷீல்டு தானாகவே வந்துவிட்டது. 1980-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் விலக முடியாது. அவள் ஒரு நாள்கூட மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. "என்னைக் கேட்டாத்தானே மாமா நான் யோசிக்கணும்?" 1979-க்குள் பிறந்தவர்களை மட்டும் அரசாங்கம் மரியாதையாகக் கேட்டுவிட்டது. வினை அங்கேதான். அவர்கள் இப்போதும் சேரலாம். ஆனால் சேரும்போது கடுமையான உடற்குறை இருக்கக்கூடாது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தவருக்கு இடமில்லை. இதை அத்தானிடம் சொன்னேன். "அப்ப அதையும் கணக்குல சேக்கணும்" என்று இன்னொரு சீட்டை எடுத்தார்.

அக்கா போன மாதம் சேர்ந்துவிட்டாள். மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சிங்பாஸில் உள்ளே போய்ப் போட்டுக் கொடுத்தாள். அக்காவின் மெடிசேவில் போதாததை மகள் தன் மெடிசேவிலிருந்து கட்டுகிறாள். அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த வகை மனிதர்களைக் கட்டிக்கொண்ட மற்ற அக்காமாருக்கும் சொல்லி வைக்கிறேன்: விண்ணப்பத்தில் கணவரின் கையெழுத்து கேட்பதில்லை. அவர் கணக்கை முடித்துவிட்டு வரட்டும், நீங்கள் முதலில் சேருங்கள்.