வடகரை, தென்கரை வாடகை: ஜெயமங்கலத்திலிருந்து ஓர் ஆய்வு

பெரியகுளத்தில் வீடு தேடுகிறவர் அறைகளை எண்ணுவதற்கு முன்பே வடகரையா தென்கரையா என்று முடிவு செய்தாக வேண்டும். நடுவே ஓடுவது வராக நதி; கோடையில் வேட்டி நனையாமல் கடந்துவிடலாம். ஆனாலும் கரைக்கு ஒரு குணம், குணத்துக்கு ஒரு வாடகை என்னும் கொள்கை அங்கே வேரூன்றியிருக்கிறது. ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள ஜெயமங்கலத்தில் நின்று பார்த்தால் இக்கொள்கை செல்லாது என்பதே நமது துணிபு. இரண்டு கரைகளை ஒப்பிட இரண்டிலும் குடியிராதவரே தகுதியானவர். ஜெயமங்கலத்தார் இரண்டையும் பார்த்தவர்கள். தண்ணீர் வற்றிய மாதங்களில் முகர்ந்தும் பார்த்தவர்கள்.

கொள்கையாளர்களின் வலுவான சான்று காவல் துறை. வடகரைக்கு ஒரு காவல் நிலையம், தென்கரைக்கு ஒன்று. குணம் ஒன்றானால் நிலையம் எதற்கு இரண்டு என்பார்கள். ஜெயமங்கலத்துக்கும் தனிக் காவல் நிலையம் உண்டே! இந்தக் கணக்குப்படி இங்குள்ள ஓட்டு வீட்டுக்கும் நகரத்து மாடி வீட்டு வாடகை கேட்கலாம். வீட்டுக்காரர் சம்மதிப்பார், குடி வருகிறவர் சம்மதிக்க வேண்டுமே. தண்ணீரைச் சான்றாகக் காட்டவும் வழியில்லை. நகராட்சி குடிப்பது சோத்துப்பாறை அணைத் தண்ணீர். அந்த அணை 126 அடியைத் தாண்டி நிரம்பி வழிந்தால் பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று ஆற்றோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை வரும். வடகரையார் தூங்கலாம், தென்கரையார் மட்டும் மேடேறுக என்று அதில் இருக்காது.

கடைவீதியும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருந்தால் வாடகை ஏறாதா என்று கேட்கலாம். ஏறும். ஆனால் அந்த ஏற்றம் ஒரே கரையின் இரண்டு தெருக்களுக்கு நடுவிலும் உண்டு. அதில் ஆற்றுக்கு என்ன வேலை? பத்திரப்பதிவுத் துறை வழிகாட்டி மதிப்பைத் தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும்தான் போடுகிறது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலம் ஒப்பந்தம் கேட்கிறது. எந்தக் கரை என்று கேட்கவில்லை. வீட்டை ஒத்திக்கு விடுகிறவர் மொத்தப் பணம் கைக்கு வந்ததும் கரைப் பெருமையை நிறுத்திவிடுவதும் ஆய்வாளர் கவனத்துக்கு உரியது.

இரு கரைச் சாக்கடையும் ஒரே ஆற்றில் விழுந்து ஜெயமங்கலம் வந்து சேரும்போது எது வடகரையுடையது, எது தென்கரையுடையது என்று பிரித்தறியும் கருவி இதுவரை வரவில்லை. ஆகவே வாடகை பேசும்போது தெருவைச் சொல்லலாம், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லலாம்; ஆற்றை இழுக்கக் கூடாது. ஆற்றின் பெயரால் பணம் கேட்கும் உரிமை ஜெயமங்கலத்தாருக்கே உண்டு, அதுவும் துப்புரவுக் கட்டணமாக.