ஏழு சைக்கிளும் ஒரு மாமனாரும்

கொழும்பில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. ஒரு சைக்கிள் வைத்திருப்பவர் மீன் விற்பார், லொத்தர் சீட்டு விற்பார், பெட்டி கட்டிப் பாண் விற்பார். ஏழு சைக்கிள் வைத்திருப்பவர் எதையும் விற்க மாட்டார். முக்கியமாக, சைக்கிளை விற்க மாட்டார்.

இந்த இரண்டாம் வகையினர் கறுவாத்தோட்டத்துப் பெரிய வளவுகளில்தான் இருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இடம் உள்ளவனுக்கு வருவது கார் ஆசை. சைக்கிள் ஆசை இடம் இல்லாதவனைத்தான் தேடி வரும். நம்மவர் கொச்சிக்கடைக்காரர். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், இரண்டு பேர்ச் காணியில், மேல்நோக்கி மட்டுமே வளர முடிந்த வீடு. ஒரு சைக்கிளின் நீளம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் ஒருவர் நீட்டி நிமிர்ந்து படுக்கும் இடம். அந்தக் கணக்கில் பார்த்தால் அந்த வீட்டில் ஏழு விருந்தாளிகள் நிரந்தரமாகத் தங்கியிருக்கிறார்கள். விறாந்தையில் மூன்று, மாடிப்படிக்குக் கீழே ஒன்று, குசினி வாசலில் ஒன்று, படுக்கையறைச் சுவரில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டது ஒன்று. மிச்சம் ஒன்று நேரத்துக்கு நேரம் இடம் மாறும். இரவில் தண்ணீர் குடிக்க எழும்புகிறவரின் முழங்காலுக்குத்தான் அது எங்கே நிற்கிறது என்று தெரியும்.

தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று கொச்சிக்கடைக் கோயிலின் புனித அந்தோனியாருக்குப் பெயர். செவ்வாய்க்கிழமைகளில் மதபேதமில்லாமல் சனம் திரண்டு வந்து காணாமல் போன நகையையும் கடவுச்சீட்டையும் அவரிடம் கேட்கிறது. நம்மவரின் மனைவி யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பெண். அவரும் செவ்வாய் தவறாமல் போய் மெழுகுதிரி கொளுத்துகிறார். அவர் கேட்பது விறாந்தையை.

“உங்களிட்ட ஏழு சைக்கிள் இருக்காமே?” என்று நம்மவரிடம் கேட்டுப் பாருங்கள். முகம் சுண்டிப் போகும். “ஏழு எங்க? ஒவ்வொரு வேலைக்கும் ஒண்டுதான் இருக்கு” என்பார். வேலைகளைக் கேட்டால் உட்கார வைத்துச் சொல்வார். நீங்கள் உட்காரக் கதிரை இருக்காது. அதில் ஒரு சில்லு சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

முதலாவது, பாணந்துறையில் செய்த லுமாலா. ஓ.எல். சோதனையில் சித்தியடைந்ததற்கு அப்பா வாங்கித் தந்தது. செயின் கறள் பிடித்துவிட்டது, பிறேக் பிடிப்பதில்லை, ஆனாலும் கொடுக்க மனம் வராது, அப்பாவின் ஞாபகம். அப்பா கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டில் சுகமாக இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, மலையில் ஓடும் சைக்கிள். முன்பக்கம் அதிர்ச்சி தாங்கி, இரண்டு அங்குல அகல டயர். நக்கிள்ஸ் மலைத்தொடருக்கென்று வாங்கியது. இன்றுவரை அது ஏறிய மலை, ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் நிற்கும் மேடு. அதிலும் பாதி தள்ளிக்கொண்டு.

மூன்றாவது, வளைந்த ஹாண்டிலும் மெல்லிய டயரும் கொண்ட ரோட் பைக். டயரின் அகலம் 25 மில்லிமீற்றர், உள்ளே காற்று கல்லுப் போல இறுகியிருக்க வேண்டும். அது ஓட நல்ல றோட்டு வேண்டும். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் உழுதுவிட்டுப் போன பாதையில் அதை ஓட்டினால் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகாது, பல்லுக்குத்தான். டயர் போதிய அகலமில்லை என்று கண்டுபிடித்த அன்றே நான்காவதற்கு அத்திவாரம் போடப்பட்டது. அது கிரவல் பைக். கிரவல் றோட்டுக்கென்றே உலகம் அண்மையில் கண்டுபிடித்த சைக்கிள். நம்மூர்க் கிரவல் றோட்டுகளில் மீன்காரர் 28 அங்குலச் சில்லில் இத்தனை காலமும் ஓடித் திரிகிறாரே என்று கேட்டால், “அது வேற” என்பார்.

ஐந்தாவது, ஜப்பானில் பாவித்துக் கொள்கலனில் வந்த கூடை வைத்த சைக்கிள். அங்கே தாய்மார் பிள்ளையை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவது. மனைவிக்கென்று வாங்கினார். பள்ளிக்கூடக் காலம் முழுவதும் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்த மனைவிக்கு அந்த வீட்டில் வேறு யாரையும் விட நன்றாக ஓடத் தெரியும். ஆனால் வந்த அன்றே நம்மவர் சீற்றைத் தன் உயரத்துக்கு ஏற்றி இறுக்கிவிட்டார்.

ஆறாவதை அவர் வாங்கவே இல்லை. அது தானாக விளைந்தது. புது ஹாண்டில் போட்டால் பழையது மிச்சம். சில்லு மாற்றினால் பழைய சில்லு மிச்சம். சாமான் வீணாகக் கூடாதல்லவா? மிஞ்சியதை ஒன்று சேர்க்க ஒரு சட்டம் மட்டும் போதும் என்று டாம் வீதிக்குப் போனார். புறக்கோட்டைப் பக்கம் அந்த வீதி சைக்கிள் கடைகளுக்குப் பேர்போனது. சட்டம் கிடைத்தது. கொண்டுவந்து பொருத்தினால் பெடல் அச்சின் மரை வேறு அளவு, சீற் தண்டு வேறு விட்டம். சைக்கிள் உலகில் ஒவ்வொரு கம்பனிக்கும் ஓர் அளவு. ஒன்றுக்கு ஒன்று பொருந்தக் கூடாது என்பதில் மட்டும் எல்லாக் கம்பனியும் ஒற்றுமை. பொருந்துவதற்காகப் புதுச் சாமான் வாங்கினார். கடைசியில் ஆறாவது சைக்கிள் ஓடியது. மிஞ்சிய சாமான் முன்னிருந்ததைவிடக் கூடியிருந்தது.

ஏழாவது, பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வந்தது. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் செட்டுகளில் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தன. சைக்கிள் விலை ஏறிய வேகத்தில் சைக்கிளே ஏறியதில்லை. அதுவரை சிரித்த ஒழுங்கை, நம்மவரைத் தீர்க்கதரிசியாகப் பார்த்தது. பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டிக்காரர் வந்து தலையைச் சொறிந்தார்.

“அண்ணே, ஒரு சைக்கிள் தாங்களேன். பெற்றோல் வர்ற வரைக்கும் கூலி வேலைக்குப் போய் வாறன்.”

நம்மவர் இரக்கமுள்ளவர். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரோட் பைக்கின் பெடலில் சாதாரணச் சப்பாத்து நிற்காது. மலைச் சைக்கிளின் முன்கால் கழற்றிக் கிடக்கிறது. கிரவல் பைக்கை மழையில் விட முடியாது. ஜப்பான், மனைவியின் சொத்து. லுமாலா, அப்பாவின் ஞாபகம். ஆறாவதில் இன்னும் ஒரு சத்தம் இருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்கும் வரை கொடுப்பது பாவம். ஆறு சைக்கிளில் ஒன்றைக்கூடக் கொடுக்க முடியாத நிலையை எண்ணி மனம் வருந்தி, அவரைக் கூட்டிக்கொண்டு டாம் வீதிக்கே போனார். பகல் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சைக்கிள் இல்லை. நம்மவரிடம் ஒரு பழைய மியாட்டா இருந்தது. “இந்த விலைக்கு இனிக் கிடைக்காது” என்றார்.

இது கொச்சிக்கடைக்கு மட்டும் உரிய நோயல்ல. வெலோமினாட்டி என்று தங்களை அழைத்துக்கொள்ளும் சைக்கிள் பித்தர்கள் எழுதி வைத்திருக்கும் விதிகளில் பன்னிரண்டாவது இதைப் பற்றியது: ஒருவன் வைத்திருக்க வேண்டிய சைக்கிளின் தொகை, இப்போது வைத்திருப்பதைவிட ஒன்று அதிகம். அதற்கு மேல்வரம்பும் உண்டு: எந்தத் தொகையில் துணைவி வீட்டைவிட்டுப் போவாளோ, அதிலும் ஒன்று குறைவு. நம்மவர் முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்வார். இரண்டாம் பாதி வரும்போது இருமல் வரும்.

வெள்ளவத்தையில் இதே இனத்தின் இன்னொரு கிளை உண்டு. ஆறாம் மாடி ஃபிளாட், லிஃப்டில் சைக்கிளை முன்னங்கால் தூக்கி நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். இவர்களுக்கு உதிரிப்பாகம் டாம் வீதியிலிருந்து வருவதில்லை, ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள அண்ணன்மாரின் சூட்கேசில் வருகிறது. முன்பு சொக்லேற்றும் சவர்க்காரமும் வந்த இடத்தில் இப்போது ஷிமானோ கியர். ஞாயிறு விடியற்காலை நம்மவர் இறுக்கமான உடுப்பை மாட்டிக்கொண்டு கோட்டை, காலிமுகத்திடல் தாண்டி மரீன் டிரைவ் வழியாக அவர்களிடம் போய்ச் சேர்வார். பிறகு ஒரு சைவக் கடை. தோசை, பிளேன் டீ. ஓட்டம் முக்கால் மணி நேரம், பேச்சு இரண்டு மணி நேரம். புதுப் பற்சக்கரத்தைத் துணியில் வைத்து, செட்டியார் தெரு நகைக்கடையில் அட்டியல் காட்டுவதைப் போல ஒருவர் விரித்துக் காட்டுவார். யாரும் “எவ்வளவு தூரம் ஓடினாய்?” என்று கேட்பதில்லை. “எத்தனை கிராம்?” என்றே கேட்பார்கள்.

சிரிப்பதற்கு முன் அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து தனியார் கார் இறக்குமதி நின்றுபோய், 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தபோது வரியைப் பார்த்துப் பலர் கதவைத் தாங்களே சாத்திக்கொண்டார்கள். சம்பளக்காரன் ஒருவன் ஆயுள் முழுக்க உழைத்தாலும் உலகின் சிறந்த காரின் ஒரு கதவுகூட அவனுக்கு எட்டாது. ஆனால் துவிச்சக்கர வண்டியில் அப்படியில்லை. பிரான்சைச் சுற்றி ஓடும் வீரனின் சைக்கிளில் பூட்டிய அதே செயினை, கொஞ்சம் சீட்டுக் காசு கூட்டி, கொச்சிக்கடைக்காரனும் பூட்டலாம். உலகத்தில் மிகச் சிறந்தது எதுவோ அதில் ஒரு துண்டு தன் விறாந்தையில் நிற்கிறது என்ற பெருமையை வேறு எந்தச் சாமான் இந்த விலைக்குத் தரும்? சைக்கிளைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். திருப்பிப் பூட்டினால் ஓடும். நாட்டில் மற்றதெல்லாம் கழன்று கிடந்த ஆண்டுகளில் இது சின்ன ஆறுதலல்ல.

இந்த நியாயம் எல்லாம் சென்ற வருடம் மாமனார் முன்னால் எடுபடவில்லை. கண் காட்டுவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், முதல் வேலையாக விறாந்தையில் நின்ற ரோட் பைக்கைச் சுற்றி வந்தார்.

“மருமேன், இதுக்குக் கரியல் எங்கை?”

“கரியல் இல்ல மாமா.”

“மட்காட்?”

“அதும் வராது.”

“ஸ்ராண்ட்?”

“பாரம் கூடிரும் மாமா. சுவர்ல சாய்ச்சு வைக்கிறதுதான். போட்டிச் சைக்கிளுக்கு ஆகக் குறைஞ்ச நிறை 6.8 கிலோ எண்டு உலக சம்மேளனத்துச் சட்டமே இருக்கு. நம்மட இது எட்டுக் கிலோ.”

“மணி?”

நம்மவர் பேசவில்லை. மாமனார் விலையைக் கேட்டார். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாத்தையும் கழட்டின பிறகோ இந்த விலை?”

“பெடலும் இல்லாமத்தான் மாமா வரும். அத வேறயா வாங்கணும்.”

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமனார் தன் ரலியின் வரலாற்றைத் தொடங்கினார். நொட்டிங்ஹாமில் செய்த ரலி. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் பற்றரியும் நின்றபோது, வீட்டின் லொறி அது, அம்புலன்ஸ் அது, மின்சார நிலையமும் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சுழற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். பாரில் மகள், கரியலில் மனைவி, ஹாண்டிலில் மரக்கறிப் பை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது, அந்தச் சனத்துக்குள் ஏறி மிதிக்க இடமில்லை. வீட்டில் எடுக்க முடிந்ததை எல்லாம் அதன்மேல் கட்டி, நாவற்குழிப் பாலம் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போனார். ஒரு சைக்கிள், ஏழு வேலை. நம்மவரிடம் ஏழு சைக்கிள், ஒரு வேலை: வெள்ளவத்தையில் தோசை தின்பது. மாமனார் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொதியை ஊற்றும்போது மருமகனைப் பார்த்த பார்வையில் இருந்தது.

மருமகன் தலை குனிந்தார். அந்த வீட்டின் சைக்கிள் வரலாறு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“அப்பா, ரலி இப்ப எங்கை நிக்குது?”

“மாட்டுக் கொட்டிலுக்கை. ஏன் பிள்ளை?”

“அதுக்குப் பக்கத்திலை?”

மாமனார் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “ஏசியா.”

“அங்கால?”

“அது லுமாலா. ரலியைக் குடுக்கேலாது, ஞாபகம். ஏசியா மழைக்கு. லுமாலா கோயிலுக்கு. ஹம்பர் ஓடுறேல்லை, சாமானுக்கு வைச்சிருக்கிறன்.”

நான்காவதை யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கலியாணம் நடந்து இத்தனை வருடத்தில் மாமனும் மருமகனும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். அடுத்த நாள் கண் வைத்தியரிடம் போகவேண்டிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே இருவரும் கிளம்பினார்கள். வழியில் டாம் வீதி. ரலிக்கு ஒரு டைனமோ பார்க்க வேண்டியிருந்ததாம்.

ஒரு கிழமை கழித்து மாமனார் இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார். பஸ்ஸில் அவருடைய பையோடு ஜப்பான் சைக்கிளும் ஏறியது. “உது மகளுக்கு வாங்கினதுதானே. அவள் இஞ்சை ஓடுறேல்லை. ஊரிலை சந்தைக்குப் போக எனக்கு இப்ப ஒண்டும் இல்லை” என்றார். நான்கு சைக்கிள் வைத்திருப்பவரின் இந்தத் துயரத்தை நம்மவர் முழுமையாகப் புரிந்துகொண்டு, தானே தூக்கி ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து விறாந்தையைப் பார்த்தார். மனைவி அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நம்மவர் விரல் விட்டு எண்ணினார். ஆறு. எட்டாவது சைக்கிள் வாங்குவதென்றால் மனைவிக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். ஏழாவதைத் திருப்பி வாங்குவதற்கு எதற்குக் காரணம்?