இன்வெர்ட்டர் லைனில் யாருக்கு இடம்?

வீட்டுக்கு பேட்டரியும் ஜெனரேட்டரும் வாங்கத் திட்டம் போடுவது எலக்ட்ரீஷியன் வேலை என்று நினைப்பவர், அப்பாயி, அப்பா, சம்சாரம், பிள்ளைகள் எல்லாரும் ஒரே மீட்டரில் இருக்கும் வீட்டில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம். கரண்ட் போனால் எது ஓட வேண்டும், எது ஓட வேண்டாம் என்று ஒரு நோட்டில் எழுதணும். அதுதான் வேலையே. மற்றதெல்லாம் வயர் இழுப்பது. நோட்டைக் கூடத்தில் விரித்ததுமே எங்கள் வீட்டில் தொகுதிப் பங்கீடு தொடங்கிவிட்டது.

அரும்பாவூரில் இப்போதெல்லாம் கரண்ட் அப்படியொன்றும் போவதில்லை. பச்சைமலைப் பக்கம் இடி இடித்தால் போகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டால் காலையில் போய்ச் சாயங்காலம் வரும். ஆனாலும் 2012-ஐப் பார்த்தவனுக்கு இன்வெர்ட்டர் ஆசை லேசில் விடாது. அந்த வருஷம் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், மற்ற மாவட்டங்களில் அது பத்து மணி நேரத்தையும் தாண்டியது. அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் அரசாங்கம் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியிருந்தது. அதற்கும் முந்தைய ஆட்சி கொடுத்த கலர் டி.வி. ஏற்கெனவே ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது. சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. கரண்ட் மட்டும்தான் பாக்கி. 2012 ஜூலை 30, 31-ல் வடக்கே கிரிட் படுத்து, அறுபது கோடிப் பேருக்கு மேல் இருட்டில் தவித்தார்கள். தெற்கு கிரிட்டை அதோடு முழுசாகச் சேர்த்தது 2013 டிசம்பர் 31-ல்தான் என்பதால் நமக்குச் சேதாரமில்லை. உலகமே பேசிய அந்தச் செய்தியைக் கேட்டு அப்பாயி கேட்டது ஒன்றே ஒன்று: "ரெண்டு நாளுக்கா இந்தக் கூப்பாடு?"

எங்கள் தெருவில் மின்வெட்டை மதிக்காத ஆள் ஒருவர்தான், எதிர்வீட்டு மரச்சிற்பி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய தொழில் அது. கரண்ட் போனால் பலகையை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டு, உளியைச் சாய்த்து வைத்து, கொட்டாப்புளியால் ரெண்டு தட்டுத் தட்டுவார். யாளியின் பல்லிடுக்கிலிருந்து ஒரு சிராய் சுருண்டு வந்து மடியில் விழும். "ஒங்க வீட்டுல சத்தம் கேட்டாத்தாங்க கரண்ட் போனதே எனக்குத் தெரியுது" என்பார்.

நோட்டுக்கு வருவோம். அப்பாயிக்கு ஃபேன், ராத்திரி சீரியலுக்கு டி.வி., கொல்லைப்புற லைட். பையனுக்கு வைஃபை மட்டும் போதுமாம், என்ன பெருந்தன்மை. சம்சாரத்துக்கு மிக்சி. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வரும் திருச்சி சித்தப்பா, ஏ.சி.யையும் சேர்க்கச் சொல்லி போனில் தூது விட்டார். அப்பா கடைசியாக வாயைத் திறந்தார்.

"கெணத்து மோட்டார் ஓடுமா?"

அஞ்சு குதிரை மோட்டார். ஓடும்போதே 3,700 வாட்டுக்கு மேல். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். "அப்பா, அது மூணு ஃபேஸ்" என்றேன்.

"சரி, மூணு பேட்டரியா வாங்கு."

நம் வீடுகளில் இருக்கிற பேட்டரியின் வண்டவாளம் இதுதான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர், பெருக்கினால் 1.8 யூனிட். ஒட்டச் சுரண்டினால் ஆயுசு குறையும், ஆகவே பாதிதான் கணக்கு. இன்வெர்ட்டர் தன் கமிஷனை எடுத்ததுபோக, கையில் நிற்பது முக்கால் யூனிட். பழைய ஃபேன் ரெண்டு, எல்.இ.டி. பல்பு நாலு, ஒரு டி.வி. போட்டால் மூன்று மணி நேரம் தொட்டும் தொடாமலும் வரும். 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் அதே பேட்டரி நாலு மணி நேரத்தைத் தாண்டும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. அவர் ஏன் சொல்லப்போகிறார்?

இந்த ஈய-ஆசிட் பேட்டரியை 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே என்பவர் கண்டுபிடித்தார். அடிப்படை இன்னும் அதேதான்: ஈயம், ஆசிட், தண்ணி ஊற்ற மறந்துவிட்டு ஒருவரையொருவர் குறை சொல்லும் குடும்பம். பழைய பேட்டரியோடு புதுசைச் சேர்த்துப் போட்டால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் அந்த வம்பு குறைவு. பெட்டி பெட்டியாக, காசு வரவரச் சேர்க்கலாம். மாடி கட்டக் கம்பியை நீட்டி விட்டுவிட்டுக் கிரகப்பிரவேசம் செய்கிற ஊருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. என்ன, அஸ்திவாரம் முதலிலேயே மாடியைத் தாங்குகிற மாதிரி இருக்கணும். 12 வோல்ட் இன்வெர்ட்டரை இன்று வாங்கிவிட்டு நாளைக்கு அதன்மேல் 48 வோல்ட் மாடி எழுப்ப முடியாது. 48 வோல்ட் என்பது பேருக்குத்தான்: 3.2 வோல்ட் செல் பதினாறு வரிசையாகச் சேர்ந்தால் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பெட்டி ஒன்றில் ஐந்து யூனிட் அடங்கும். மிக்சி பாஸ். டி.வி. பாஸ். ஏ.சி.க்குச் சித்தப்பா வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கில் கரண்ட் போனால் என்ன செய்வது? 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் உண்டு. அதற்குத்தான் ஜெனரேட்டர். ரெண்டு பல்புக்காக அதை ராத்திரி முழுக்க உறும விடுவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு. கொஞ்ச நேரம் நல்ல லோடில் ஓட்டி, மாவையும் ஆட்டி, பேட்டரியையும் ஏற்றிவிட்டு அணைத்துவிடணும். ஈய-ஆசிட் இதற்கு ஒத்துவராது. அது 15 ஆம்பியரில் நிதானமாகப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் குடிக்கும். லித்தியம் மளமளவென்று ஏறிவிடும். நடுவில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் நம் ஜெனரேட்டர் கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்கிற வயர்மேன் உயிருக்கே உலை வைக்கும். இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.

புகை வீட்டுக்குள் வந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்பதால் ஜெனரேட்டரை வெளியேதான் வைக்கணும். மேலே கூரை, கீழே மேடு, நாலு பக்கமும் காற்றோட்டம், வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி. அப்படி ஓர் இடம் கொல்லையில் தயாராகவே இருக்கிறது: சின்ன வெங்காயப் பட்டறை. உள்ளே விதை வெங்காயம். அப்பாயியிடம் கேட்டேன்.

"வெலை ஏறட்டும், காலி பண்றேன்" என்றார்.

எலக்ட்ரீஷியன் வாரா வாரம் போன் போட்டு, ஜெனரேட்டர் எப்போது வருகிறது என்று கேட்கிறார். கிலோ என்ன விலை போகிறது என்று சொல்லி வைக்கிறேன்.