மலை லாரியில், பாடம் செல்போனில்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் ஆரல்வாய்மொழிக்கு ஒரு இடம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைச் சொல்லும்போது பாலக்காடு, செங்கோட்டை, அச்சன்கோவிலோடு அதுவும் ஒரு பெயராக வந்து போகிறது. படிக்கிற ஆரல்வாய்மொழிப் பிள்ளைக்கு நம்ம ஊர் என்று புல்லரிக்க வேண்டும். புல்லரிக்காது, பரீட்சையில் ஒரு மதிப்பெண் வரும். மேலும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் புத்தகத்தில் க்யூஆர் கோடு போட்டிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் தாள் பறக்காதபடி ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையில் செல்போனைப் பிடித்து, கணவாய்க்குள்ளே உட்கார்ந்தபடியே நம் நிலம் எப்படிப்பட்டது என்று திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

2018-ல் புதிய பாடநூல்கள் வந்தன, க்யூஆர் கோடும் கூடவே வந்தது. திக்ஷா செயலி வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் மணற்கேணி செயலி. ஒன்பதாம் வகுப்பு நிலக்கோளப் பாடத்தில் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை மூன்றும் வண்ணப்படமாக இருக்கின்றன. குற்றம் சொல்ல மாட்டேன். கண்டங்கள் நகர்வதை எந்த வாத்தியாரும் கரும்பலகையில் காட்ட முடியாது. கோடிக்கணக்கான ஆண்டுகளை அரை நிமிடத்தில் ஓட்டிக்காட்டும் அனிமேஷன் நல்ல சாமான்தான். ஆனால் உருமாறிய பாறை என்றால் என்ன என்று திரையில் கற்கும் பிள்ளை உட்கார்ந்திருப்பதே உருமாறிய பாறையின் மேல்தான். அதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

நாகர்கோவிலைச் சுற்றிய மலைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட். மூலப்பாறையின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன், இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் நம்மோடு ஒட்டிக்கிடந்த காலத்தில், பூமிக்குள் வெகு ஆழத்தில் 800 டிகிரி சூட்டில் மறுபடியும் வெந்து உருமாறிய கல். உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போல் கரும்பச்சையாக மினுங்கும். அந்த மினுக்கம் வீடியோவில் வராது. கல்லைக் கையில் எடுத்து வெயிலில் திருப்ப வேண்டும்.

இந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதையும் அப்படித்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கம்பெனிக்காரனின் கல்லறைக் கல்லை நிலவியல்காரர் தாமஸ் ஹாலண்ட் உற்றுப்பார்த்தார். அது சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் கல் என்று கண்டு, 1893-ல் அதற்குச் செத்தவன் பெயரையே வைத்தார். மணலின் கதையும் அதேதான். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியல்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்கு அதுதான் விதை. நம் கல்லையும் நம் மண்ணையும் வெள்ளைக்காரர்கள் கையால் தடவித் தெரிந்துகொண்டார்கள். நம் பிள்ளைகள் கண்ணாடித் திரையைத் தடவித் தெரிந்துகொள்கிறார்கள்.

மலையைத் தொட்டுப் படிக்கிறவர்கள் இப்போதும் இல்லாமல் இல்லை. குவாரிக்காரர்கள்தான். எந்தப் பாறை ஜல்லிக்கு, எது எம்.சாண்டுக்கு, எங்கே குழி போட்டு எவ்வளவு வெடி திணித்தால் எத்தனை லோடு விழும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். செய்முறைத் தேர்வில் அவர்கள்தான் மாநில முதலிடம். தோற்கிறபோது மட்டும் வேறு யாராவது சாவார்கள். 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர் செத்ததும் நிலவியல் பாடம்தான். அதற்கு எந்தப் புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது?

நெல்லைச் சீமையின் கல் டாரஸ் லாரியில் ஏறி, காவல்கிணறு தாண்டி, ஆரல்வாய்மொழி வழியாகக் களியக்காவிளைக்கும் அப்பால் கேரளத்துக்கும் போவது ஊரறிந்த சங்கதி. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கும் நம் கல் போனது. 1809 பிப்ரவரியில் இந்தக் கணவாயின் கோட்டைச் சுவரைத் தாண்ட ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் செயின்ட் லெஜர் பட்டாளத்தோடு வரவேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு நடைச்சீட்டு போதும். அதில் எழுதிய எடையும் வண்டியில் ஏறிய எடையும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்பது சாலையோரம் நிற்கிற எவனுக்கும் தெரியும்.

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை. மிச்சமிருக்கும் மலைகளை இப்போதே ட்ரோன் வைத்து நாலு பக்கமும் படம் பிடித்துவிடுங்கள். முப்பரிமாணத்தில் செய்து செயலியில் ஏற்றிவிட்டால் அசல் மலை எதற்கு? இடத்தை அடைத்துக்கொண்டு, மழையைத் தடுத்துக்கொண்டு! செலவைக் கிரஷர்காரர்களே ஏற்பார்கள். முதல் திரையில் நன்றி என்று பெயர் போட்டால் போதும். மல்டிமீடியாவுக்குச் சத்தம் வேண்டுமல்லவா, வெடிச்சத்தம் இலவசம். கிள்ளியூர் வட்டாரத்தில் 1144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கத் திட்டம் போட்டபோது கடற்கரைச் சனங்கள் கொதித்தார்களே, அவர்களுக்கும் ஒரு அனிமேஷன்: மணல் இருக்கும், பிறகு இருக்காது, பின்னணியில் வீணை.

உலகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2023-ல் யுனெஸ்கோவே கல்வித் தொழில்நுட்பத்தின் பலனுக்குத் திடமான சான்று குறைவு என்று எழுதியது. சுவீடன் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பியது. தென்கொரியா 2025 மார்ச்சில் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுப் பாடநூலுக்கு ஆகஸ்டிலேயே பாடநூல் தகுதியைப் பறித்தது. நாம் அவசரப்பட வேண்டாம், நிதானமாக ஏமாறலாம்.

ஒரு சுத்தியல், ஒரு பூதக்கண்ணாடி, வாத்தியாருக்கு அரைநாள் அனுமதி: ஆரல்வாய்மொழியில் நிலவியல் கற்பிக்க இவ்வளவுதான் வேண்டும். இவ்வளவு மலிவான காரியத்தை ஏன் செய்வதில்லை? டெண்டர் விட முடியாது என்பது பாதிக் காரணம். மறுபாதி, மலையடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்: "சார், போன வருசம் இந்த மலை இன்னும் பொக்கமா இருந்துல்லா?" அதற்குப் பதில் ஆசிரியர் கையேட்டில் கிடையாது. "போனை எடு மக்கா, அதுல முழுசா இருக்கு" என்றுதான் அந்த மனுசன் சொல்லியாக வேண்டும். அவருக்கும் இடமாறுதல் பயம் உண்டு.

க்யூஆர் கோடு மேல் எனக்கு விரோதம் இல்லை. டாரஸ் லாரியின் பின்கதவில் ஆள் உயரத்துக்கு ஒன்று ஒட்டுங்கள். ரோட்டோரம் நிற்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை போனைக் காட்டினால் எந்த ஊர் மலை, எந்த சர்வே எண், எத்தனை டன், அனுமதியில் கையெழுத்துப் போட்டது யார், செக்போஸ்டில் கண்ணை மூடிக்கொண்டது யார் என்று வரிசையாக வரட்டும். அந்தப் பாடத்துக்கு அனிமேஷனும் வேண்டாம், வீணையும் வேண்டாம்.