முகவரிப் பஞ்சமும் சந்தா வருமானமும்

மலேசியாவின் ஜெராம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் லயன் வீடுகளுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசின் முகவரிக்கே வந்து சேர, கிராணியார் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுத்த காலம் முதியோருக்கு நினைவிருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, கண்ணாடி இழையும் வந்துவிட்ட பின்னரும் கிராணியார் மட்டும் ஓய்வு பெற்றாரில்லை. இணைய நிறுவனத்தார் பற்பல இல்லங்களை ஒரே பொது முகவரியின் பின்னே நிறுத்தி, அவருடைய உத்தியோகத்தைத் தாமே பார்த்து வருகிறார்கள்.

பஞ்சம் மெய்தான். இணைய முகவரி முறையின் பழைய பதிப்பான நான்காம் பதிப்பில் (IPv4) முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. ஆசிய பசிபிக் பிராந்தியத்தில் தாராள விநியோகம் 2011 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனால் புதிய ஆறாம் பதிப்பிலோ (IPv6), ஒரேயொரு துணைவலைக்குள் பழைய இணையம் முழுவதையும் 429 கோடி தடவை அடக்கலாம். பொறியாளர்கள் 2001-இல் வீட்டுக்கு 65,536 துணைவலைகள் என்று சிபாரிசு செய்து, 2011-இல் அதைத் தளர்த்தியபோதும், ஒன்றுக்கு மேல் கொடுங்கள் என்று விநயமாகவே வேண்டிக்கொண்டார்கள். சமுத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சில நிறுவனங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு துணைவலையை அளந்து, அதையும் அவ்வப்போது மாற்றி, நிலையான முகவரி வேண்டுமெனில் வர்த்தகச் சந்தா செலுத்துக என்று அருள்கின்றன. விருந்தினருக்குத் தனி வலை அமைக்க விரும்பும் கிருஹஸ்தர், அவ்வொன்றைப் பகுத்தால் கருவிகள் தாமே முகவரி சூட்டிக்கொள்ளும் ஏற்பாடு குலையுமாதலால், ஆறாம் பதிப்பு எதை அநாவசியமாக்கப் பிறந்ததோ கிராணியாரின் அந்த முகவரி மாற்று வித்தையையே வீட்டுக்குள் மறுபடி பிரதிஷ்டை செய்கிறார்.

ஜெராம் கடற்கரையில் மீனுணவுக் கடை வைத்திருப்பவரோ, பொது முகவரியின் பின்னே நிற்கும் தம் கடைக் காமிராவை வெளியிலிருந்து நேரே எட்ட முடியாமையால், அதைத் தம் வீட்டிலிருந்து பார்ப்பதற்கு, எங்கோ அயல்நாட்டுச் சர்வர் ஒன்றின் அனுக்கிரகத்தை மாதச் சந்தா கட்டிப் பெறவேண்டியிருக்கிறது.