பெரியவர்கள் குரூப்

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் டிவிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி முனகிக்கொண்டிருக்கும். நாஸ் என்பார்கள். உள்ளே ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு ஹார்ட் டிஸ்க். அதிலிருக்கும் ஃபோல்டர்களை வீட்டு வைஃபையில் யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்று டிக் அடிக்கிற வேலை என்னுடையது. இந்த வீட்டில் எனக்கு வேறு அதிகாரம் கிடையாது. டிகாஷன் எத்தனை ஸ்பூன் என்பதில்கூட.

போட்டோ, வரி ரசீது, பிள்ளைகளின் சினிமா எல்லாம் சாதுவான ஃபோல்டர்கள். வம்பு 'கச்சேரி'யில்தான். அப்பா அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்ததெல்லாம் எம்பி3 ஆகி அதில் இருக்கிறது. பாடியவர், ராகம், தாளம் என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் அவரே ஒற்றை விரலால் தட்டிப் பெயர் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறிலிருந்து சித்தப்பா லேப்டாப்போடு வருவார். "என் வீட்டிலிருந்தே கேட்கிற மாதிரி பண்ணேன்டா" என்பார். விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கம்ப்யூட்டர் கிருமி உலகம் முழுக்கப் புகுந்தது, அந்தக் கதவை இன்டர்நெட் பக்கம் திறப்பதற்கில்லை என்று விளக்கினேன். "அடையாறுக்கும் வந்துதா?" என்று கேட்டார்.

ஒரு ஞாயிறன்று அப்பாவின் 'நாயகி' ஒன்று 'தர்பார்' ஆகியிருந்தது. இரண்டும் பழுத்த ரசிகர்களையே தடுமாற வைக்கும் ராகங்கள். அப்பா திரும்ப நாயகி ஆக்கினார். மாலை டிபனுக்குள் மறுபடி தர்பார்.

"ரெண்டு டிஸ்க் இருக்கே, ஒண்ணுல அவன் மாத்தினாலும் இன்னொண்ணுல என்னோடது இருக்குமே" என்றார் அப்பா. இருக்காது. ரெய்டு 1 முறையில் இரண்டாவது டிஸ்க் முதல் டிஸ்க்கின் நிழல். இதில் மாறினால் அதிலும் அந்த நொடியே மாறும். ஒரு டிஸ்க் செத்தால் கைகொடுக்கும். சித்தப்பாவுக்கு எதிராக ஒன்றும் செய்யாது.

சரி, சித்தப்பாவின் பெயருக்கு நேராக 'ரீட் ஒன்லி' டிக் அடித்தேன். அடுத்த வாரமும் தர்பார்! எங்கள் பெட்டியின் சட்டம் அப்படி: ஒருவருக்கு இரண்டு பக்கமிருந்து அனுமதி வந்தால் 'நோ ஆக்ஸஸ்' எல்லாவற்றையும் ஜெயிக்கும், அதற்கடுத்தது 'ரீட்/ரைட்', 'ரீட் ஒன்லி' கடைசி. சித்தப்பாவோ 'பெரியவர்கள்' குரூப்பில் இருக்கிறார். அந்த குரூப்புக்கு எழுதும் உரிமை உண்டு. ஆக, ஒன்று அவருக்குக் கதவையே சாத்த வேண்டும். இல்லையென்றால் எழுபது தாண்டிய மனிதரைப் பெரியவர்களிலிருந்து நீக்க வேண்டும்.

இந்த மாதிரிப் பெட்டிகளில் ஃபைல் பகிரும் சாம்பா மென்பொருளை 1992 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கினார். அருமையான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் தம்பிக்கு நடுவே ராகம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

'மூத்த ரசிகர்கள்' என்று புது குரூப் தொடங்கினேன். ரீட் ஒன்லி. பழைய குரூப்பிலிருந்து சித்தப்பாவை இதற்கு மாற்றிவிட்டு, பதவி உயர்வு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. பின்னாலேயே அப்பா வந்தார். "அதென்ன, அவன் மூத்த ரசிகன்? நான் யாரு?" அவரையும் சேர்த்தேன். பழைய குரூப்பிலும் இருப்பதால், ரீட்/ரைட் ஜெயிக்கும் என்ற அதே சட்டப்படி அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்த ஞாயிறு சித்தப்பா பெயரை மாற்றப் பார்த்தார், முடியவில்லை. கோபப்படவே இல்லை. அந்த ஃபைலைத் தன் பென் டிரைவில் காப்பி செய்து, அங்கே 'தர்பார்' என்று பெயர் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடையாறு போய்விட்டார். ரீட் ஒன்லி அதைத் தடுக்காது.

அந்த பென் டிரைவுக்கு ஏதாவது டிக் அடிக்க முடியுமா என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.