பதாகத்தில் அடங்காத குப்பை

பரதநாட்டியப் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தில் எல்லோருக்கும் சமூக அக்கறை வந்தே தீரவேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. வரதட்சணையையும் பெண்சிசுக் கொலையையும் சீனியர் அக்காமார் ஆடித் தீர்த்துவிட்டதால் எனக்கு மிஞ்சியது பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்புநிலம். கூடவே பெருங்குடிக் குப்பைமேடு இலவசம்.

அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரைகள் 28 தருகிறது. பதாகம் ஒன்றிலேயே மேகம், காடு, நதி மூன்றும் அடங்கும். பாலித்தீன் பைக்கு மட்டும் நந்திகேசுவரர் வழிசொல்லாமல் போய்விட்டார். அதனால் நதியைக் காட்டி மூக்கைச் சுளித்தேன்: மாசுபட்ட நதி.

"பீபத்ஸம் நன்னா வர்றதுடி. யார்மேலன்னுதான் தெரியல" என்றார் டீச்சர்.

யார்மேல் என்று எனக்குத் தெரியும். ஆனால் சிறப்பு விருந்தினர் யாரென்பது அழைப்பிதழில் அச்சாகியிருந்தது.

அறுபதுகளிலேயே மிருணாளினி சாராபாய் குஜராத்தின் இளம் மனைவிகள் தற்கொலை செய்துகொண்டதை மேடையேற்றியவர். காப்பாற்ற எந்தக் கடவுளையும் அவர் கூப்பிடவில்லை. எங்கள் ஊரில் அது நடக்காது. மங்களம் பாடாமல் திரை விழுமா? ஆக, பூமாதேவி அழுதாள், சகி தேற்றினாள், கண்ணன் குதித்துக் காளியனை மிதித்தான். நஞ்சேறிய நீர்தானே, பொருந்தத்தான் செய்தது. மெதேன் வாயுவுக்கு ஒரு தில்லானா.

விருந்தினர் கண்கலங்கினார். குறைத்த மதிப்பெண் எதற்கென்று கேட்டேன். காளியன் படமெடுத்தது போதவில்லையாம்.